ஆள்காட்டி விரல்

அவ்வளவுதானா டாக்டர்? முடிஞ்சுபோச்சா? இல்ல, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கும், தாளைத் திருப்பிப் பாருங்க. தலையில அடி பட்டா ஒத்தக் கால்ல நிக்கச் சொல்வாங்களே. ஆமா, நின்னேன். கண்ணை மூடிக்கிட்டும் நின்னேன். ஆடவே இல்லையா? நடுவுல ஒரு தடவை ஆடின மாதிரி எனக்கே தெரிஞ்சுதே. ஓ, காத்துல கூடாரம் ஆடிச்சா. சரி, நீங்க சொன்னா சரிதான்.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. அதையும் சரியாச் சொல்லிட்டேன். மாசத்தையெல்லாம் டிசம்பர்ல இருந்து தலைகீழா சொல்லச் சொன்னீங்க, கடகடன்னு சொல்லிட்டேன். ஞாபகம் வெச்சுக்கச் சொன்னீங்களே, சோப்பு, குடை, ஆணி, பஞ்சு, ஏணி. பாருங்க, நீங்க கேக்கவே இல்ல, வாய் தானா சொல்லுது. படிக்கிற காலத்துல இந்த மண்டையில ஒரு செய்யுள் நாலு வரி நின்னதில்ல. இன்னிக்குன்னு பார்த்து அஞ்சு வார்த்தையும் அசையாம நிக்குது.

கொஞ்சம் இருங்க, அந்தப் பேனாவை மூடாதீங்க. கையெழுத்து எங்க ஓடிடப் போகுது. வெளியில நிக்கிறவங்களும் ஓட மாட்டாங்க. துணிக்கு அந்தப் பக்கம் ரெண்டு நிழல் தெரியுதா? குனிஞ்சு குனிஞ்சு நிமிருதே, அது என் வீட்டுக்காரரு. என் வண்டிக்கு மெக்கானிக்கும் அவருதான். அசையாம நிக்கிறது டீம் மேனேஜர். காதை இங்கதான் வெச்சிருப்பாரு, அதனால கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. நீங்க பேசவே இல்லையா? சரி, நான் மெதுவாப் பேசறேன்.

இதோ வரேன் சார். டாக்டர் இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க.

முடிச்சாச்சுன்னு எனக்கும் தெரியும் டாக்டர். தலையை ஆட்டாதீங்க, நிழல் தெரியும். இந்த விரலை மட்டும் ஒரு தடவை பார்த்துடுங்களேன். வலது கை, ஆள்காட்டி விரல். மடக்கறேன், நீட்டறேன். அழுத்துங்க. இன்னும் அழுத்துங்க. இல்ல, வலிக்கல. மரத்துப் போகல. ஊசி இருந்தா குத்திக்கூடப் பாருங்க. ஒண்ணும் இல்லையா?

ஏன் கேக்கறேன்னா, எங்க பொழப்பே இந்த விரல்லதான் நடக்குது. மத்த மூணும் கைப்பிடியைப் பிடிச்சிருக்கும். இது மட்டும் எந்நேரமும் பிரேக் மேலயே இருக்கும். நீங்க இந்தப் பந்தயமே பார்த்ததில்லேன்னு சொன்னீங்க இல்ல? பாவம், ஆஸ்பத்திரியில நிம்மதியா சளி, காய்ச்சல் பார்த்துக்கிட்டு இருந்தவங்களை இன்னிக்கு ஒரு நாளைக்கு இங்க கொண்டாந்து உக்கார வெச்சிருக்காங்க. வேற ஒண்ணும் இல்ல, கம்பியில தொங்கிப் போற வண்டியில மலை உச்சிக்குக் கொண்டு போவாங்க. அங்க இருந்து ஒவ்வொருத்தரா சைக்கிள்ல கீழ விடுவாங்க. வேரு, பாறை, சேறு, எல்லாத்து மேலயும்தான் வழி. பக்கத்துல யாரும் வர மாட்டாங்க, போட்டி கடிகாரத்தோட மட்டும்தான். யாரு சீக்கிரம் கீழ வந்து சேருறாங்களோ அவங்க உலக சாம்பியன். நேத்து தகுதிச் சுத்துல நான் முதல் ஆள். முதல்ல வந்தவங்களைக் கடைசியா விடறது வழக்கம். அதனால இன்னிக்கு எல்லாப் பொண்ணுங்களும் இறங்கி முடிச்சப்புறம் நான் ஒருத்திதான் மேல நிப்பேன். அப்ப டிவி, கூட்டம், மேனேஜர், எல்லாருக்கும் பார்க்கிறதுக்கு என்னைத் தவிர வேற ஆளே இருக்காது.

அந்தச் சத்தம் கேக்குதா? ஒவ்வொரு ஆள் இறங்கும்போதும் மணி அடிப்பாங்க. இன்னும் நிறைய பேர் இருக்காங்க. டைம் இருக்கு. உக்காருங்க டாக்டர்.

ஹெல்மெட்ல ஒரு கீறல்கூட இல்லேன்னு சொன்னீங்க. நல்ல ஹெல்மெட் அது. விலையைக் கேட்டா உங்களுக்குத் தலை சுத்தும்.

சரி, சரி. சிரிக்கத்தான் சொன்னேன்.

காலைப் பயிற்சியில எங்க விழுந்தேன்னு கேட்டீங்க. காடு முடியற எடத்துல ஒரு பாறை விளிம்பு வரும். விளிம்புக்கு அப்புறம் வெறும் பள்ளம். பஸ்ஸு ஒண்ணை நீளவாக்குல உள்ள நிறுத்தலாம், அவ்வளவு அகலம். வர்ற வேகத்துல அதைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவுல போய் இறங்கணும். வேகம் இருந்தா ஒரு கஷ்டமும் இல்ல, மெத்தையில உக்கார்ற மாதிரி இறங்கலாம். ஆனா அதுக்கு முன்னாடியே பிரேக்கை விட்டுடணும். விளிம்புல தொட்டா போச்சு. வேகம் துளி குறைஞ்சாலும் அந்தப் பக்கம் எட்டாது. இது சின்னப் பிள்ளைங்களுக்கே தெரியும்.

நெட்டைக்குத் தெரியாதா என்ன?

நெட்டை யாருன்னா கேக்கறீங்க? என் நாத்தனார். கல்யாணத்துக்கு அப்புறம்தான் நாத்தனார். அதுக்கு முன்னாடி எந்த ஊருக்குப் பந்தயத்துக்குப் போனாலும் ஒரே ரூம். அதுக்கும் முன்னாடி பரம விரோதி. என்னைவிட ஒரு சாண் உசரம், அந்தத் திமிர் வேற. ஒரு வருஷம் அவ முதல்ல வருவா, மறு வருஷம் நான். தோத்தவங்க ஜெயிச்சவங்க ஜெர்சியைத் துவைக்கணும்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு. அப்படி ஜெர்சி வாங்கிட்டுப் போக அவங்க வீட்டுக்குப் போனப்பதான் இவரைப் பார்த்தேன். அண்ணன்னு ஒருத்தன் இருக்கான், வாயே திறக்க மாட்டான்னு அவதான் சொன்னா. அந்தப் பேசாத மனுஷனை என் தலையில கட்டி வெச்சதும் அவதான்.

போன சீசன் கடைசிப் பந்தயத்துல விழுந்துட்டா. அது வேற மலை, ஆனா இதே மாதிரி ஒரு விளிம்பு. ஒரு முழம் எட்டல டாக்டர். ஒரே ஒரு முழம். ஏன் எட்டலன்னு யாருக்கும் புரியல. நானும் இவரும் அந்த வீடியோவைப் பெருசு பண்ணிப் பார்த்தோம். எத்தனை தடவை பார்த்தோம்னு எனக்கே தெரியாது. விளிம்புக்கு வரும்போது அவ கையில இந்த விரல், இதே விரல், லேசா உள்ள போகுது. ஏன்டி தொட்டேன்னு கேட்டேன். நான் எங்கடி தொட்டேன்னா. அவளுக்குத் தெரியவே தெரியாது. விரல் தானா மடங்கியிருக்கு.

முதுகெலும்பு. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் கிடையாது இப்போ. வாய் மட்டும் அப்படியே இருக்கு. சக்கர நாற்காலி வந்த அன்னிக்கு எல்லாரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறோம், இவ சொல்றா, நீயும் ரெண்டு சக்கரம் ஓட்டறே, நானும் ரெண்டு சக்கரம் ஓட்டறேன், உனக்கு முன்னயும் பின்னயும் இருக்கு, எனக்குப் பக்கத்துல பக்கத்துல இருக்கு, அவ்வளவுதான்டி வித்தியாசம்ங்கறா. நர்ஸெல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன்.

இந்தக் கையுறை அவளோடதுதான். மாமியார் துவைச்சு, மடிச்சு, பெட்டியில மேலாக வெச்சுக் குடுத்தாங்க. ஜாக்கிரதைன்னும் சொல்லல, ஜெயிச்சுட்டு வான்னும் சொல்லல. அவங்களுக்கு ஒரு பொண்ணு இப்படி உக்காந்திருக்கு, இன்னொரு பொண்ணு மலைக்குப் போகுது, என்ன சொல்வாங்க, பாவம். போட்டுப் பாருங்க, எனக்குப் பெருசு. விரல் நுனியெல்லாம் காலியா நிக்கும். ஆனா டிவிக்காரங்களுக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நேத்து என் முகத்தைக் காட்டினதைவிட இந்தக் கையுறையைக் காட்டினதுதான் ஜாஸ்தி.

காலையில நெட்டை போன்ல குரல் பதிவு அனுப்பியிருந்தா. வேண்டாம், போட்டுக் காட்டல, மறுபடி கேக்க எனக்குத் தெம்பு இல்ல. அந்தப் பாறைகிட்ட வரும்போது என்னை நெனைச்சுக்கோடி, நீ தாண்டினா நான் தாண்டின மாதிரின்னு சொல்லியிருக்கா. நெனைச்சுக்கணுமாம். இத்தனை மாசமா நான் வேற என்னத்தை நெனைக்கிறேன்னு நெனைச்சா அவ? சாப்பிடும்போதும் அதுதான், தூங்கும்போதும் அதுதான். இவரு பக்கத்துல படுத்துக்கிட்டு என் கையைப் பிடிச்சா, அந்த விரலை மட்டும் நான் உருவிக்குவேன்.

வந்துட்டேன் சார், ரெண்டே நிமிஷம். மேல போற கம்பி வண்டியை நிறுத்தி வெக்கச் சொல்லுங்க.

பார்த்தீங்களா, என்னைக் காணோம்னு மேனேஜருக்குப் பதட்டம். எனக்கு மட்டும் இல்லையா. தொட்டுப் பாருங்க, கை எப்படி ஜில்லுனு இருக்கு. அதுக்குக்கூட உங்க தாள்ல எடம் இல்ல. பயமா இருக்கான்னு ஒரு கேள்வி கிடையாது. இருக்கா? எங்க? பதட்டம்னு போட்டு, ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும். அதுக்கு நான் என்ன சொன்னேன்? ஒண்ணுன்னேனா. பழக்க தோஷம் டாக்டர். இந்தத் தொழில்ல எவளும் ரெண்டு சொல்ல மாட்டா.

என் வண்டியைக் கொண்டு வந்து குடுத்ததும் இவரு ஒரு சுத்து சுத்திப் பார்த்தாரு. கைப்பிடி ஓரத்துல கொஞ்சம் மண்ணு, பெடல்ல ஒரு சிராய்ப்பு. அவ்வளவுதான். அந்த விளிம்புல விழுந்த வண்டி எப்படி இருக்கும்னு இவருக்குத் தெரியாதா? நெட்டையோட வண்டியை அள்ளிப் பெட்டியில போட்டதே இவருதானே. சக்கரம் சப்பளிஞ்சு போயிருந்துச்சு அன்னிக்கு. என் வண்டியைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. மண்ணைத் துடைச்சாரு. இல்லாத கோளாறைத் தேடிக்கிட்டு, அதோ, இன்னும் குனிஞ்சு நிமிர்ந்துக்கிட்டு இருக்காரு.

நான் விழல டாக்டர்.

விளிம்பு வந்துச்சு, நேத்து தாண்டினப்ப மடங்காத விரல் இன்னிக்கு தானா மடங்கிடுச்சு. நான் மடக்கல. பயிற்சிங்கறதால மெதுவா வந்தேன், வண்டி விளிம்புக்கு இந்தப் பக்கமே நின்னுபோச்சு. காலை ஊனி இறங்கினேன். எட்டிக் கீழ பார்த்தேன். அப்புறம் வண்டியை நானே மண்ணுல சாய்ச்சுட்டுப் பக்கத்துல உக்காந்துட்டேன். வழியோரம் கொடி பிடிச்சுக் காவல் நிக்கிற அம்மா ஓடி வந்தாங்க, தலையில அடியாம்மான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா. அப்பாடா, இன்னிக்கு நம்மளை விட மாட்டாங்கன்னு. பந்தயத்துல இறங்கினா அந்த எடத்துக்கு மெதுவா வர முடியாது. விரல் மடங்கும், வண்டி நிக்காது, ஒரு முழம் எட்டாது. அதுக்கப்புறம் எங்க வீட்டுல ரெண்டு நாற்காலி.

இவருகிட்டயே சொல்லலாமா? சொன்னா சரிம்பாரு. ஒத்த வார்த்தை. வண்டியைப் பிரிச்சு வேன்ல ஏத்திடுவாரு. வீட்டுக்குப் போனதும் தங்கச்சி கேப்பா, ஏன்டா அவ இறங்கலன்னு. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. பயந்துட்டான்னு சொல்லிடுவாரு. எனக்குப் பயமா இருக்குன்னா அதுக்கு என்ன அர்த்தம்? நீ உக்காந்திருக்கிற நாற்காலியில நான் உக்கார மாட்டேன்னு அர்த்தம். அதை அவ முகத்துக்கு நேரா சொல்ல எனக்கு வாய் வராது டாக்டர். தலையில அடின்னு சொன்னா அவ கேள்வியே கேக்க மாட்டா. டாக்டர் விடலன்னா எங்க உலகத்துல அதுக்கு மேல பேச்சு கிடையாது.

தெரியும். பொய் எழுத மாட்டீங்க. எழுத வேண்டாம். எழுதுங்கன்னு சொல்றதுக்கு நான் யாரு.

ஆனா கையெழுத்து இன்னும் போடல இல்ல? அந்தத் தாளை ஓரமா வையுங்க. புதுசா ஒண்ணு எடுங்க. பேனாவைத் திறங்க. முதல்ல இருந்து எல்லாக் கேள்வியும் மறுபடி கேளுங்க. நான் என்ன சொல்றேனோ அதை அப்படியே எழுதுங்க. உங்க பேனாவுல பொய் வராது, என் வாயில வரும். மெதுவா வேண்டாம், சத்தமாவே கேளுங்க. வெளியில ரெண்டு பேருக்கும் கேக்கட்டும்.

கேளுங்க டாக்டர்.

இன்னிக்கா? இன்னிக்கு... புதன்கிழமை.