பதினோரு ஒன்றுகள்

உங்கள் ஸ்டேஷனில் மோர் நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. கேட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் மரிய அந்தோணி. குன்றாண்டார்கோவில் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பதினோரு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வருகிற எண், ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடிச் சொச்சம், ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாது என்று 1952இல் அறிவித்தேன். உறுதியாகச் சொல்ல ஒரு லட்சத்துக்கு மேல் வரை வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். நான் இருபதாயிரத்தோடு நிறுத்திக்கொண்டேன். தோள் வலித்தது. அதற்கு மேல் எந்த எண்ணும் என்னை எதிர்த்து வராது என்று ஒரு நம்பிக்கை. தலைமையாசிரியர் அதைப் பள்ளிச் சுவரில் எழுதவைத்தார். சந்தையில் என்னைப் 'பதினோரு ஒன்று சார்' என்றார்கள். கூச்சப்படுவதுபோல் நடிக்கப் பழகிக்கொண்டேன். இந்தத் தை மாத ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தவும் ஏற்பாடாயிற்று.

போன ஆனியில் தங்கமுத்து என்ற இளம் ஆசிரியர் வந்து சேர்ந்தார். கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், கல் வெட்டிய பள்ளத்தின் ஓரமாக இருவரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். பள்ளம் நிறையத் தண்ணீர்.

"சார், கோவிச்சுக்காதீங்க. அது இருபத்தோராயிரத்து அறுநூத்து நாப்பத்தொம்பதால வகுபடுதுங்க."

"தப்பாப் போட்டிருப்பீங்க."

"மறுபடி மறுபடி பாத்துட்டேன். விழாவுக்கு முன்னாடி நீங்களே சொல்லிருங்க. நான் கண்டதா வெளிய சொல்லமாட்டேன்."

ஏளனம் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். இரக்கப்பட்டார்.

அப்போது பாசியில் கால் வழுக்கி உள்ளே விழுந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. நான் பாறையில் உட்கார்ந்து செங்கல் துண்டால் வகுக்கத் தொடங்கினேன். "சார், சார்" என்று கூப்பிட்டார். "இருங்க, வாரேன்" என்றேன். பொய்யில்லை, முடித்ததும் போவதாகத்தான் இருந்தேன். அவசரத்தில் ஒரு பெருக்கலைத் தப்பாகப் போட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. அந்தத் தப்புக்குத்தான் இத்தனை வருஷமாகப் பிள்ளைகளை அடித்திருக்கிறேன். மீதி பூச்சியம் வந்தபோது தண்ணீர் அசையாமல் இருந்தது.

அன்று நான் வேறு வழியில் வீட்டுக்குப் போனதாகச் சொன்னேன். ஊர் நம்பியது.

நேற்று விழா. எண் வகுபடும், நானே கண்டுபிடித்தேன் என்று மேடையில் அறிவித்தேன். தன் தவறைத் தானே திருத்திக்கொண்ட பெரிய மனிதர் என்று கல்வி அதிகாரி பாராட்டினார். எனக்கே அப்படித்தான் பட்டது. அப்போது தங்கமுத்துவின் மனைவி சொர்ணவல்லி கூட்டத்தில் எழுந்தார்.

"அது எங்க வீட்டுக்காரரு கண்டது. இன்னைக்கிச் சார்கிட்டச் சொல்லப்போறேன்னுட்டுப் போனவருதான், திரும்பி வரல."

கைதட்டல் நின்றது. நான் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டேன்.

தள்ளினேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. வழுக்கியவர் முதலில் என் வலக்கையைப் பிடித்துத் தொங்கினார். நல்ல பிடி, ஏறியிருப்பார். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். விரோதம் ஒன்றுமில்லை, ஐயா. வகுத்துப் பார்க்க அந்தக் கை வேண்டியிருந்தது.