படத்தில் பொய் இல்லை

நல்ல படம் எடுக்க விலை கூடிய போன் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், ஐயா. பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, என் போன், அதன் மூலையில் விரிசல் விழுந்து வருஷம் இரண்டாகிறது. படத்துக்கு ஒரு குறையும் வந்ததில்லை. எதைச் சட்டத்துக்குள் வைப்பது, எதை வெளியே தள்ளுவது என்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வீட்டிலும் வேலையிலும் என் பேச்சு எடுபட்டதே இல்லை. அந்தச் சின்னத் திரைக்குள் மட்டும் நான் வைத்ததுதான் சட்டம்.

எங்களுக்கு லிஃப்ட் பராமரிப்பு வேலை. எங்களுக்கு என்றால் எனக்கும் மாமாவுக்கும், அதாவது என் அக்கா புருஷனுக்கும். அவர் சீனியர் மெக்கானிக், நான் அவருக்கு உதவி. வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். அதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது நாலு பேர் முன்னால் சொல்லிக் காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

கிரீஸ் பூசிய பல்சக்கரம், கம்பிவடத்தின் நிழல், லிஃப்ட் குழியில் தேங்கிய தண்ணீரில் மேலிருந்து விழும் சதுர வெளிச்சம், இதையெல்லாம் எடுப்பேன். டீ குடிக்கும்போது மாமா என் போனைப் பிடுங்கிச் சுற்றுக்கு விடுவார்.

"ஊர்ல எல்லாரும் பொண்டாட்டி புள்ளையைப் படம் எடுப்பான். நம்ம ஆளு கிரீஸைப் படம் எடுக்கிறான்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அண்டிப் பிழைக்கிறவனுக்கு வேறு என்ன வழி.

போன வருஷக் கடைசியில் கம்பெனி காலண்டருக்கு ஊழியர்களிடம் படம் கேட்டார்கள். "அந்தத் தண்ணிப் படத்தை எனக்கு அனுப்புடா, நல்லா இருந்தா குடுத்துப் பாக்கலாம்" என்றார் மாமா. அனுப்பினேன். காலண்டர் வந்தது. மார்ச் மாதத்தில் என் படம், கீழே அவர் பெயர். அக்கா அதை ஹாலில் மாட்டினாள். ஜூன் வந்தும் அந்தத் தாளைத் திருப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

அவரிடம் கேட்டேன். "எடுத்தது போன்தானேடா? நீ என்னமோ உளியெடுத்துச் செதுக்கின மாதிரி பேசுறே" என்றார். அக்காவிடம் போய்ப் போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

"அவர் உனக்கு அனுப்பினதை வெச்சுக்கிட்டு உன்னுதுங்கிறியா? பொழைக்க வழி காட்டின மனுஷன்மேல இப்படி வயிறெரியாதேடா" என்றாள்.

மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டிவி சத்தத்தைக் கூட்டினார். அன்றைக்கே என் மனசு கல்லாகிவிட்டது. பழி வாங்க வேண்டும் என்றுதான் நினைத்தேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் குழியில் இறங்குவதற்கு முன்னால், மற்றவர் மேல்மாடி அறையில் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, அன்றைய தேதி எழுதிய சிவப்பு அட்டையை மாட்டி, அதைப் படமெடுத்துக் கீழே அனுப்ப வேண்டும். பத்து மாடிக்குக் குரல் எட்டாது, அதனால் படம்தான் சாட்சி. மாமா மற்றதில் எப்படியோ, இதில் கறார். பெரிதாக்கிப் பூட்டின் கொக்கி விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காலை எடுத்து வைப்பார்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அலுவலகக் கட்டடம் அடைத்திருந்தது. குழிக்குள்ளேயே லிஃப்டை நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்கும். அது பழுதாகியிருந்தது, அதை மாற்றத்தான் போயிருந்தோம். பழைய கட்டடம், குழியில் ஆழம் கிடையாது. குந்தி உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும்.

சுவிட்சை அணைத்தேன். பூட்டினேன். அட்டையை மாட்டினேன். வெளிச்சம் மங்கலாக இருந்ததால் மேகம் விலகும்வரை காத்திருந்து எடுத்தேன். பிறகு பூட்டைத் திறந்தேன், சுவிட்சைப் போட்டேன், அதன் பிறகு படத்தை அனுப்பினேன். எடுத்த நேரத்தில் எல்லாம் படத்தில் உள்ளபடிதான் இருந்தது. அதில் ஒரு துளி பொய் கிடையாது, ஐயா.

பதில் வந்தது. "படம் பளிச்சுனு இருக்குடா. இறங்குறேன்."

என் படத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு இளகவில்லையா என்று கேட்பீர்கள். இளகத்தான் செய்தது. கூப்பிட்டு, ஏறி வந்துவிடுங்கள் மாமா என்று சொல்ல நேரமும் இருந்தது. அப்போது அன்றைக்கு அவர் கூட்டிய அந்த டிவி சத்தம் காதில் கேட்டது.

பூட்டு சரியாக விழவில்லை போலிருக்கிறது, யாரோ லிஃப்டைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று அன்றைக்குச் சொன்னேன். விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். அக்கா என் தோளில் சாய்ந்து, "இனிமே எனக்கு நீதான்டா" என்று கதறினாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என்னை நம்பி அவள் சொன்ன வார்த்தை அது.

அடைத்த கட்டடத்தில் லிஃப்டைக் கூப்பிட யார் இருந்தார்கள் என்று நேற்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. யாரும் இல்லை. பத்தாவது மாடியில் லிஃப்டுக்குள் போய், கீழ்த்தளப் பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்தது நான்தான். கதவு மூடிக்கொண்டது. நான் படி வழியாக இறங்கினேன். அவசரப்படவில்லை.

அக்கா வெளியே உட்கார்ந்திருக்கிறாளாமே. அந்தப் படத்தை அழிக்காமல்தான் வைத்திருக்கிறேன், அவளிடம் காட்டுங்கள். பூட்டு, அட்டை, வெளிச்சம், எல்லாம் கூடிவந்த படம். இதை எடுத்தது யார் என்று இந்தத் தடவை அவளுக்குச் சந்தேகமே வராது.