பூவாடைக்காரியின் புடவை

மணி ஏழரை இருக்கும். சேலையூர் ஏரிக்கரை ரோடு... ஒரு தெருவிளக்கும் எரியவில்லை. பைக்கில் தினகரன், பின்னால் ஹேமாவதி. கல்யாணமாகிப் பதினோரு நாள்தான். இங்கே நம் பில்டிங்கில் கரண்ட் வரும்வரை கேளுங்கள், ஆனால் யாரும் இளிக்கக் கூடாது. இந்த ஹேமாவதி நம் மூன்றாம் மாடி சுபத்ராவின் சொந்த நாத்தனார்.

அந்தப் பக்கம் முதன்முதலில் முள்ளை வெட்டிக் குடியேறியது தினகரனின் வம்சம்தான். அப்படி வந்தவனின் பெண்டாட்டி எல்லம்மா, தாலியும் பூவுமாக அந்த ஏரியில் முழுகிச் செத்தாள். அவன் மறுவருஷமே வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து அந்த வீட்டில் கல்யாணம் என்றால் முதல் புடவை எல்லம்மாவுக்கு. பூவாடைக்காரி என்று அவளுக்குப் படையல் போட்டு, புடவையைப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். உயிரோடு இருக்கிற எவளும் அதைக் கட்டக் கூடாது.

இந்த முறை அதைத் தேர்ந்தெடுத்தது தினகரன். அரக்கு நிறம், கையகல ஜரிகை. அரைமணி நேரம் பிரித்துப் பிரித்துப் பார்த்தானாம். ஹேமாவதியின் முறை வந்தபோது, "ஒனக்குப் புடிச்சத எட்த்துக்கோ" என்று போனை நோண்டப் போய்விட்டான். அவளுக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

அந்தப் பதினோராம் நாள் மாமியார் ஊரில் இல்லை. பெட்டியைத் திறந்து அதையே கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா பேஜாராய்டும். அவுத்து வெச்சிடு" என்றான் தினகரன்.

"ஒங்களுக்கு நான் பொண்டாட்டியா, அவ பொண்டாட்டியா?"

அவன் வண்டியை எடுத்தான்.

ஏரிக்கரையில் பாதி தூரம்... வண்டி பின்பக்கம் தொபுக்கென்று அமுங்கியது. சேற்று வாடை. அதோடு அரைத்த மஞ்சள் வாடை. ஹேமாவதியின் முதுகு ஈரமாகிக்கொண்டே வந்தது.

"எறங்கு, டயரப் பாக்கறேன்" என்றான். இறங்கினாள். காற்று சரியாக இருந்தது.

ஆனால் வண்டி மேலே எழும்பவில்லை. ஆள் இல்லாத சீட்டு... அமுங்கியபடியே இருந்தது. அதிலிருந்து தண்ணீர். சொட்... சொட்...

தினகரனும் பார்த்தான். அலறவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்து, தலையைக் கோதிவிட்டுக்கொண்டான். ஹேமாவதிக்குப் பயம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. அவளுக்காக ஒருநாளும் தலை வாராத மனுஷன்.

அன்றிரவே புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். மறுநாள் மாமியார் காலில் விழுந்து, மறுபடி படையலும் போட்டாகிவிட்டது. எல்லாம் சரியாகி ஒரு வருஷம்.

போன வாரம் சுபத்ரா அங்கே போயிருந்தாள். கடைக்குப் போக ஹேமாவதி பைக்கில் ஏறினாள்.

"ஒக்காந்துட்டியா?" என்றான் தினகரன்.

"ஒக்காந்துட்டேன்."

வண்டி கிளம்பவில்லை. அவன் இன்னொரு பதிலுக்குக் காத்திருந்தான்...

பிறகு, "ம், சரி" என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.