அகராதிக்குப் பிணை நின்றவர்

அம்பிட்டியவில் வீடு கட்டுபவர்கள் வாசற்படிகளைக் குறைத்துக்கொள்வது நல்லது, ஐயா. இளைஞர்களுக்கே மூச்சு வாங்கும். றவூப்புக்கும் அன்று என் வீட்டுப் படியேறி வந்தபோது வாங்கியது.

அகராதிக் குழு என்பது நாங்கள் இருவர்தான். நான் பொன்னுத்துரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியன். அவர் கண்டியில் துணிக்கடைக்காரர். சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த மறுவருடம் அது. அரசாங்கக் கச்சேரியிலிருந்து எனக்குச் சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி ஒரு பையனைக் கெஞ்சினேன். கலப்பில்லாத அகராதி ஒன்றை அச்சில் காட்டினால்தான் எங்களையும் ஓர் இனம் என்று மதிப்பார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

றவூப்போ கடைக்கு வந்தவர்கள் பேசியதையெல்லாம் சீட்டில் எழுதினார். தோட்டத்துச் சொல், அரபுச் சொல், போர்த்துக்கேயன் விட்டுப்போன சொல். எங்கள் விதி இதுதான்: ஒரு சொல்லுக்கு ஒருவர் பிணை நின்றால் மற்றவர் அதை நீக்க முடியாது. பிணை நின்றவர் இல்லாமற் போனால் சொல்லும் போகும். விதியை எழுதியவன் நானே.

அவர் படியேறி வந்ததற்கு மறுநாள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அவர் பிணை நின்ற சொற்களை விட்டுக்கொடுக்கச் சொன்னேன்.

“கதிரைல இருந்துட்டுத்தானே மாஸ்டர் நாற்காலின்னு எழுதுறீங்க,” என்று சிரித்தார். “கதிரைய என்ன செய்யப் போறீங்க? கிணத்துல போடுறதா?”

“இதை அச்சடிச்சா எங்களைக் கலப்புச் சனம் எண்டுதான் சொல்லுவினம்.”

“அப்ப நான் யாரு? சொல்லு தந்த கலஹா தோட்டத்துக் கறுப்பையா யாரு? எங்கள வெட்டிட்டு யாருக்கு மாஸ்டர் அகராதி?”

கத்தியதில் அவருக்கு மூச்சுமுட்டு வந்துவிட்டது. அவருடைய மருந்துக் குளிசைப் போத்தல் ஒன்று என் மேசைக்குள், என் பக்கமாக எப்போதும் இருக்கும். என் முழங்கால் அதை மறைத்திருந்தது.

“லாச்சி... மாஸ்டர், லாச்சி...”

“இழுப்பறை எண்டு சொல்லுங்கோ. எடுத்துத் தாறன்.”

நான் அதட்டவில்லை. ஒரே ஒரு சொல்தான் கேட்டேன். அவர் மேசையை அறைந்து பழையதையே சொன்னார். பிறகு உதடு மட்டும் அசைந்தது. நான் காத்திருந்தேன்.

சமையலறையில் என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்த அவர் மனைவி பாயிஸா ஓடிவந்தார்.

“மருந்து எங்க மாஸ்டர்?”

“லாச்சிக்குள்ள, பிள்ளை,” என்றேன்.

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடக்கம் முடிந்து வந்து, அவருடைய சீட்டுகளை விதிப்படி நீக்கினேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. பாயிஸாவுக்கு நான் சொன்ன பதிலை மட்டும் ‘இழுப்பறைக்குள்’ என்று திருத்திவிடுங்கள், ஐயா.