மருந்து அலமாரியின் சாவி

— அதெல்லாஞ் சரிங்க நர்சம்மா. அந்தக் கண்ணாடிக்கு உள்ளாரதான மருந்து இருக்குது? இங்க குந்தியிருந்தே தெரியுதே.

— தெரிஞ்சா எடுத்துட முடியுமா, குள்ளம்மா? அலமாரி பூட்டியிருக்குது. சாவி டாக்டர்கிட்ட.

— காலையில ஆசுபத்திரி மணி அடிக்கறப்ப வந்தேனுங்க. இப்ப வெயிலு வராண்டாவத் தாண்டிப் போயிடுச்சு. எப்ப வருவாரு?

— ஏரிக்கரை பங்களாவுல வெள்ளைக்காரக் கலெக்டர் துரை வந்து தங்கியிருக்காரு. விருந்து. ஊர்ப் பெரிய மனுசங்கெல்லாம் அங்கதான். முடிஞ்சாத்தான் வருவாரு.

— நீங்களே ஊசி போடக் கூடாதுங்களா? காலையிலருந்து ஈரத்துணி போட்டுப் போட்டு எடுக்கறீங்களே, அந்தக் கை போதும் எம் புள்ளைக்கு.

— ஏசுவே! நான் வேலைக்கு வந்து மூணு மாசம் ஆவுல. சண்டை நேரம், மலைஜொரத்துக்குப் போடற குனைன் மருந்து பட்டாளத்துக்கே பத்தலன்னு சொல்றாங்க. டாக்டர் எழுதாம ஒரு குப்பி தொட்டாலும் என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— ஐயோ, மறுபடியும் இழுக்குது! நர்சம்மா! ராஜாமணி... ஏ ராஜாமணி, ஆத்தாளப் பாரு கண்ணு!

— தூக்காத! ஒருக்களிச்சுப் படுக்க வை. வாயில ஒண்ணும் குடுக்காத. அப்படியே புடி... அவ்வளவுதான். நின்னுடுச்சு பாரு. மூச்சு வருது.

— இது ரெண்டாவது தடவைங்க. மூணாவது வந்தா?

— மொதல்ல அந்தத் துணிய நனைச்சுக் குடு.

— சொல்லுங்க. மலையிலருந்து இடுப்புல வெச்சே எறக்கியாந்தவ நான். எதுவானாலும் தாங்குவேன்.

— மூணாவது வரக் கூடாது, குள்ளம்மா. இருட்டறதுக்குள்ள மருந்து உள்ள போயாவணும்.

— அப்ப நானே பங்களாவுக்குப் போறேன்.

— வாசல்ல டவாலி போட்ட சேவகன் நிப்பான். உள்ள வுட மாட்டான்.

— வுட வேணாங்க. என் குரலு உள்ள போனாப் போதும். எங்க மலையில ஒரு சரிவுக் கொல்லையிலருந்து எதிர்ச் சரிவுக் கொல்லைக்குக் கூப்புடற குரலு இது.

— இரு. போய் அழுது கதை சொல்லாத. யாரும் கேக்க மாட்டாங்க. நான் சொல்றத அப்படியே சொல்லு. அஞ்சு வயசுப் பொண்ணு, நாலு நாள் ஜொரம், நூத்தியஞ்சு டிகிரி, ரெண்டு தடவ வலிப்பு. சொல்லு பாப்போம்.

— அஞ்சு வயசுப் பொண்ணு, நாலு நாள் ஜொரம், நூத்தியஞ்சு டிகிரி, ரெண்டு தடவ வலிப்பு.

— எம் பேரயும் சொல்லு, சகாயமேரிதான் சொல்லியனுப்புனான்னு. வேலை போனாப் போவுது. புள்ளைய நான் பாத்துக்கறேன், நீ ஓடு.

\* \* \*

— யாரும்மா நீ, கூச்சல் போட்டுக்கிட்டு? உள்ள துரை சாப்புடறாரு தெரியுமில்ல?

— நீங்கதான டாக்டர் சாமி? அஞ்சு வயசுப் பொண்ணு, நாலு நாள் ஜொரம், நூத்தியஞ்சு டிகிரி, ரெண்டு தடவ வலிப்பு. சகாயமேரி நர்சம்மா சொல்லியனுப்புனாங்க.

— ம். நெத்தியில ஈரத்துணி போடச் சொல்லு. ஒரு மணி நேரத்துல வர்றேன்.

— துணி காலையிலருந்து போட்டாச்சுங்க. நீங்க வர வேணாம் சாமி. அலமாரிச் சாவியும் ஒரு வரி எழுத்தும் குடுங்க. நான் ஓடிப் போயிடறேன்.

— சாவியக் குடுத்தா அப்பறம் நான் எதுக்கு? இந்தா பாரு, ஜொரம்னு நூறு பேரு வர்றாங்க. இருக்கறது பத்து குப்பி. யாருக்குப் போடணும், யாருக்கு மாத்திரை போதும்னு நான் கண்ணால பாத்துத்தான் சொல்லணும். புரியுதா?

— புரியுதுங்க. அதெல்லாஞ் சரிங்க. அப்ப வந்து பாருங்க.

— துரை பந்தியில இருக்கறப்ப பாதியில எந்திரிச்சு வர முடியுமா?

— துரைக்கு ஜொரமுங்களா?

— இல்ல.

— வலிப்புங்களா?

— ஏய், மெதுவாப் பேசு! எல்லாரும் இங்கயே பாக்கறாங்க.

— பாக்கட்டுங்க. நீங்க படியெறங்கற வரைக்கும் நான் இந்த எடத்த வுட்டு நகர மாட்டேன். அடிச்சுத் தொரத்துனா, கேட்டுக்கு அந்தாண்ட நின்னு கத்துவேன். அஞ்சு வயசுப் பொண்ணு! நாலு நாள் ஜொரம்! நூத்தியஞ்சு—

— போதும், போதும்! நிறுத்து. கை கழுவிட்டு வர்றேன். வண்டியப் பூட்டச் சொல்லு.

— வண்டி எதுக்குங்க? கூப்புடு தூரந்தான். நடந்தா அதுக்குள்ள போயிடலாம்.

\* \* \*

— குள்ளம்மா, எந்திரி. விடிஞ்சுடுச்சு. உம் மக கண்ணத் தொறந்து பாக்கறா.

— ராஜாமணி! கண்ணு, ஆத்தா தெரியுதா?

— தெரியுது, தெரியுது. தண்ணி வேணும்னா. ஒடம்பத் தொட்டுப் பாரு, வேர்த்து நனைஞ்சிருக்கு. ஏசுவே, ஒனக்கு நன்றி. அழாத குள்ளம்மா, நேத்து முழுக்க அழாதவ இப்ப எதுக்கு அழுவற? இந்தா, டாக்டரே வந்துட்டாரு.

— தள்ளும்மா, நாடி பாக்கணும். ம்... தேவலை. சகாயமேரி, சாயங்காலம் இன்னொரு ஊசி. அப்பறம் மாத்திரைக்கு மாத்திடலாம்.

— சரிங்க டாக்டர். நேத்து நான் சொல்லியனுப்புனது...

— அதப் பத்தி இப்ப எதுக்கு? நோட்டை எடு. பேரு ராஜாமணி, ஊரு சித்தேரி மலை. அப்பன் பேரு என்னம்மா?

— மாயவனுங்க. காட்டுல மரம் வெட்டப் போயிருக்காரு. இன்னும் சேதி தெரியாது.

— உன்ன மாதிரி ஒருத்திய என் சர்வீசுல நான் பாத்ததில்ல. துரை முன்னால என் மானத்தையே வாங்கிட்ட. மலையிலருந்து வர்றவங்க வாயத் தொறந்தே பேச மாட்டாங்க. நீ எங்க கத்துக்கிட்ட இந்தத் தைரியத்த?

— இங்கதாங்க.

— இங்கயா? சரி, அது கெடக்கட்டும். இது எத்தனாவது கொழந்தை? தலைச்சனா?

— ரெண்டாவதுங்க. மூத்தவ ராமக்கான்னு ஒருத்தி இருந்தா. போன வருசம் ஆடியில அவளுக்கும் இதே ஜொரம். இதே வராண்டாவுல, டாக்டர் வர்ற வரைக்கும் சத்தம் போடாம குந்தியிருன்னாங்க. குந்தியிருந்தேனுங்க, சாமி.