சுவரொட்டியில் இருந்த மகள்

இன்று காலை 9.40க்கு காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் முசரவாக்கம் பேருந்துக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற இருவரில் வழுக்கைத் தலைக்காரர், "கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பாத்துதாம்பா நான் வூடு வாங்குறேன்" என்றார். வீடு வாங்கி விற்பவர் போலிருக்கிறது.

"காரியம் முடிஞ்சதும் போனா, பாகம் பிரிக்கணும்னு பசங்க சீக்கிரம் வித்துடுவாங்க."

"அப்புறம் ஏன் உன் மூஞ்சி இப்டி இருக்குது?" என்றார் நண்பர்.

"போன வாரம் ரெண்டு பசங்க அட்வான்ஸ் வாங்கிக்கினு கையெழுத்து போட்டாங்க. வேற வாரிசே இல்லன்னாங்க. நேத்து போன்ல போட்டோ புடிச்சி வெச்சிருந்த போஸ்டர பெருசாக்கிப் பாத்தேன். மகள்னு ஒரு பேரு இருக்குதுபா."

"ஊரு பூரா ஒட்டி வெச்சிருந்தாங்களே, மொதல்ல நீ படிக்கல?"

"அட்ரஸ மட்டும் படிச்சேன்."

"அந்தம்மாவுக்கும் பங்கு உண்டே."

"அதான் போறேன். முசரவாக்கத்துலதான் குடுத்திருக்காங்களாம். கையெழுத்து போடுமான்னு கேக்கணும்."

"மருமகன் என்ன பண்றாரு?"

வழுக்கைத் தலைக்காரர் கைபேசியில் அந்தச் சுவரொட்டியை மறுபடி எடுத்துப் பார்த்தார்.

"வக்கீல்னு போட்டிருக்குது."

பேருந்து வந்தது. அவர் ஒதுங்கி நின்று, பின்னால் இருந்த எங்கள் எல்லோரையும் முதலில் ஏறவிட்டார்.