கூடாரத்தில் சொன்ன பேர்

— மோதிரத்தப் பிடிண்ணா. வளையலும் இந்தா. ராஃபத் வீட்டுக் கதவத் தட்டி, அவன் மூஞ்சியில விட்டெறிஞ்சுட்டு வா.

— நிச்சயம் பண்ணி நாலு மாசம் ஆகல, அதுக்குள்ள கழட்டியாச்சா? மகாராணி, முதல்ல கண்ணுல வழியுற மையைக் கழுவு. சந்துல குழந்தைங்க பார்த்தா ராத்திரி தூங்காது.

— விளையாடாதண்ணா! அம்மா, நீயாவது ஹெல்மிகிட்ட சொல்லு.

— எனக்கென்ன தெரியும் நெஹால்? கீரை ஆறுது. ரெண்டு பேரும் தின்னுட்டு அப்புறம் சண்டை போடுங்க.

— எனக்குத் தொண்டையில எறங்காதும்மா.

— சரி, நடந்தத ஒழுங்காச் சொல்லு. காலையிலேருந்து வேன் ஓட்டி இடுப்பு ஒடிஞ்சு வர்றேன், நம்ம சந்துக்குள்ள எழவுக் கூடாரம்! கறுப்புத் துணியில பொம்பளைங்க கூட்டம், நாற்காலி வரிசை, காப்பித் தட்டு. வண்டிய நிறுத்திட்டு செத்தவங்களுக்காக ஃபாத்திஹாவே ஓதிட்டேன். அப்புறம் கேட்டா, சினிமாவாம்.

— நீ பரவாயில்ல. ஹாஜி மெத்வல்லி நேரா உள்ள வந்து உக்காந்து, சீனியில்லாத காப்பி ரெண்டு குடிச்சு, அழுது மூக்கச் சிந்திட்டு, அப்புறம்தான் 'போனது யாரு'ன்னு கேட்டாரு. டைரக்டர் அவர எழுப்பவே இல்ல, அப்படியே படம் புடிச்சுட்டாரு.

— கிழவருக்கு அடிச்சுது பாரு யோகம்!

— உனக்குச் சிரிப்பா இருக்கு. அந்தக் கூடாரத்துலதான் என் அம்மாவக் கொன்னாங்க.

— அம்மா இதோ குத்துக்கல்லாட்டம் உக்காந்து எலுமிச்சம்பழம் நறுக்கிட்டிருக்கா. மெதுவாச் சொல்லு. ராஃபத் என்ன பண்ணான்?

— அவன் அந்தப் படத்துக்கு லைட்டுக்காரன்தானே? நம்ம சந்துலயே ஷூட்டிங், துரியா வஸ்ஃபியே வராங்கன்னதும் அவன் காலப் புடிக்காத குறையாக் கெஞ்சினேன். ஒரே ஒரு தடவ கிட்டத்துல பாக்கணும்னு. அவன் பேசி, என்னை அழுகுற பொம்பளைங்க கூட்டத்துல நிக்க வெச்சான். அதுவும் எங்க? துரியாவுக்குப் பக்கத்துல! அவங்க தோள் என் தோள இடிக்குது, ஹெல்மி அண்ணா. படத்துல பாக்குறத விடக் குட்டையா இருக்காங்க. ஆனா அந்தக் கண்ணு, சத்தியமா, அதே கண்ணு.

— செவுரு பூரா ஒட்டி வெச்சு ஏழு வருசமாக் கும்புடுறியே, கண்ணு மாறிடுமா என்ன? அம்மாவோட கல்யாணப் போட்டோவக் கழட்டிட்டு அந்த ஆணியிலயே அவள மாட்டினவளாச்சே நீ.

— அதையெல்லாம் இப்ப எதுக்குப்பா எடுக்குற? அவ கதையச் சொல்லட்டும்.

— நீ சும்மா இரும்மா. மகாராணி, மேல சொல்லு.

— எனக்கு அழுகை வரலண்ணா. எப்படி வரும்? என் வாழ்க்கையிலயே அவ்ளோ சந்தோசமா நான் இருந்ததில்ல. அழணும், அழணும்னு நெனைக்கிறேன், வாய் தன்னால சிரிக்குது. டைரக்டர் கத்துறாரு, 'எழவு வீட்டுல எவடி அவ பல்லக் காட்டுறது'ன்னு. நிறுத்தி நிறுத்தி எடுக்குறாங்க, நான் நிறுத்தி நிறுத்திக் கெடுக்குறேன். வெளிய தள்ளுங்கன்னுட்டாரு. துரியாதான், வேணாம், பாவம், இருக்கட்டும்னாங்க.

— அப்புறம்?

— உதவி டைரக்டர்னு ஒரு நெட்டையன். அவன் கூடாரத்துக்குப் பின்னால போனான், திரும்பி வந்து துரியா காதுல என்னமோ சொன்னான். அவங்க என் பக்கத்துல வந்து ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. எனக்கு உலகமே நின்னு போச்சு. காதுகிட்ட குனிஞ்சு சொல்றாங்க, 'கண்ணே, மனசத் தேத்திக்கோ. இப்பதான் ஆஸ்பத்திரிலேருந்து சேதி வந்துச்சு. உன் அம்மா இன்ஷிரா போயிட்டாங்க.'

— அடிப்பாவி!

— இன்ஷிராண்ணா! உம்மு ஹெல்மின்னு சொல்லியிருந்தா நான் பொய்யின்னு நெனச்சிருப்பேன். ஹெல்மியோட அம்மான்னுதான் சந்து பூராக் கூப்பிடுது. கடன் குடுக்குற கடைக்காரனுக்கே அந்தப் பேருதான் தெரியும். அம்மாவோட சொந்தப் பேரு வீட்டு வாசலத் தாண்டினதே இல்ல.

— தாண்ட விட்டிருப்பேனா? அம்மா பேரு ஊரு வாயில விழுந்தா மகனுக்கு மானம் போச்சே! நாலாவது படிக்கிறப்போ ஒருத்தன் எப்படியோ மோப்பம் புடிச்சு, மைதானத்துல நின்னு 'இன்ஷிரா மகனே'ன்னு கத்தினான். முன்பல்லு ரெண்டு போச்சு அவனுக்கு.

— அதான் சொல்றேன். அம்மா, நீ காலையில ஆஸ்பத்திரிக்குப் போனதும் நெசம், பேரும் நெசம். அப்ப சாவும் நெசம்தானே? சுத்திலும் கறுப்புத் துணி, கூடாரம், குர்ஆன் ஓதுற சத்தம். எல்லாம் நமக்குத்தான் போட்டிருக்காங்கன்னு தோணிடுச்சும்மா. எனக்கு மட்டும் கடைசியில சொல்றாங்கன்னு. கத்திட்டேன்.

— என்னன்னு கத்துன, கண்ணு?

— அம்மா அம்மான்னுதான். வேற என்ன கத்துவேன்?

— வேற ஒண்ணும் சொல்லலயா?

— நினைவில்லம்மா. புத்தியே இல்ல அப்ப. கேமரா என் மூஞ்சிகிட்ட வந்து நிக்குது, அதுகூடத் தெரியல. திடீர்னு எல்லாரும் கை தட்டுறாங்க. துரியா என் கன்னத்தத் தட்டி, 'உன் அம்மா நல்லா இருக்காங்க, நூறு வயசு இருப்பாங்க, சும்மா சொன்னேன். போய்த் தண்ணி குடி'ன்னாங்க. அப்புறம் டைரக்டர் பக்கம் திரும்பி, 'இன்னொண்ணு எடுத்துக்கலாமா'ன்னாங்க.

— நீ செருப்பக் கழட்டினியா இல்லையா?

— எடுத்தோம்.

— என்னது?

— இன்னொரு தடவ எடுத்தோம். துரியா கேட்டாங்கண்ணா. எப்படி மாட்டேங்குறது?

— அல்லாஹ்வே! உசுரோட இருக்குற அம்மாவச் சாகடிச்சவ கேட்டாளாம், இவ திரும்ப அழுதாளாம்! உனக்கு ரோசம்னு ஒண்ணு இருக்கா?

— அவங்கள ஏன் திட்டுற? அது அவங்க தொழில். காட்சி நல்லா வரணும்னு பாக்குறாங்க. பேர எடுத்துக் குடுத்தவன் யாரு? அவனத்தான் கேக்கணும். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு போடுறேன்னு அடையாள அட்டைய வாங்கிட்டுப் போனது ராஃபத். இன்னைக்குத்தான் போகணும்னு நாள் குறிச்சுக் குடுத்ததும் ராஃபத். வேற யாருக்குத் தெரியும்? போய்க் கேட்டேன். ஏணி மேல நிக்கிறான், பேந்தப் பேந்த முழிக்கிறான். செத்துப்போன அவங்க அப்பன் கபுறு மேல சத்தியமாத் தெரியாதுன்னான். எறங்கி வந்தவன, எல்லாரும் பாக்க, எட்டி அறைஞ்சேன்.

— சபாஷ்! அவன் என்ன சொன்னான்?

— கையில இருந்த விளக்கக் கீழ வெச்சான். கையுறையக் கழட்டி அது மேல வெச்சான். வேலைய விட்டுட்டுப் போயிட்டான்.

— குத்தமுள்ள நெஞ்சு, வேற என்ன பண்ணும்? குடு அந்த மோதிரத்த. மோதிரத்தோட அவன் கை ரெண்டையும் சேர்த்து முறிச்சுக் குடுத்துட்டு வர்றேன். என் அம்மா பேர விக்கிறானா அந்த நாயி?

— உக்காரு ஹெல்மி.

— நீ தடுக்காதம்மா. நாளைக்குத் தியேட்டர்ல ஊரே உக்காந்து...

— உக்காருன்னேன். அந்தப் பையனத் தொட்ட, அப்புறம் என்னை அம்மான்னு கூப்பிடாத.

— ஏம்மா அவனுக்கு இவ்ளோ பரிஞ்சு பேசுற? யாரு சொன்னதுன்னு உனக்கென்ன தெரியும்?

— எனக்குத் தெரியும். நான்தான் சொன்னேன்.

— என்னம்மா ஒளர்ற?

— ஆஸ்பத்திரியில சீக்கிரமே விட்டுட்டாங்க. நெஞ்சு பாதிதான் வேலை செய்யுதாம். அறுத்துத் தைக்குற கட்டத்தையும் தாண்டிடுச்சாம். டாக்டர் சின்னப் பையன், என் மூஞ்சியப் பாக்க மாட்டாம மேசையப் பார்த்தே சொன்னான். இத யார்கிட்டயாவது சொல்லியாகணுமே. நீ வண்டியில இருந்த. அதான் நெஹாலத் தேடிக் கூடாரத்துக்கு வந்தேன்.

— அம்மா! இத ஏன் வந்ததும் சொல்லல?

— சொல்ல விட்டீங்களா? பின்பக்கத் துணியக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். அந்தத் துரியா பக்கத்துல நீ நிக்கிற, நெஹால். அப்படி ஒரு சிரிப்பு. உன்னைப் பெத்து வளர்த்த இந்தப் பதினெட்டு வருசத்துல அந்தச் சிரிப்ப இந்த வீட்டுல நான் பார்த்ததில்ல. அப்பதான் அந்த நெட்டையன் வந்தான், யாருன்னு கேட்டான், நெஹாலோட அம்மா, உம்மு ஹெல்மின்னேன். 'உம்மு ஹெல்மி, உங்க பொண்ணு அழவே மாட்டேங்குது, எதச் சொன்னா அழும்'னான்.

— நீ... நீயா...

— 'நான் செத்துட்டேன்னு சொல்லுங்க'ன்னேன். அவனே பயந்துட்டான். 'இன்ஷிராங்குற பேரச் சொல்லுங்க, அப்பதான் நம்புவா'ன்னும் சொன்னேன். எனக்குக் கேக்கணும் போல இருந்துச்சு கண்ணு. எப்படியும் ஒருநாள் அழப்போற, அன்னைக்கு எனக்குக் காது இருக்காது. ஒரு தடவ கேட்டுட்டுப் போயிடலாம்னு ஆசை. தப்புதான். அந்தப் பையன் மேல பழி வரும்னு நெனச்சுப் பாக்கல. ஹெல்மி, அந்த மோதிரத்த அவ கையிலயே குடு.

— அம்மா, நீ முதல் தடவை முடிஞ்சதும் வந்துட்டதானே? அதுக்கப்புறம் நிக்கல இல்ல?

— கடைசி வரைக்கும் நின்னேன். ஹெல்மிகிட்ட நீ சொல்லாம விட்டதையும் கேட்டேன். அந்தத் துரியா கழுத்தக் கட்டிக்கிட்டு, 'இனிமே நீங்கதான் எனக்கு அம்மா, என்னைக் கூட்டிட்டுப் போயிடுங்க'ன்னு சொன்னியே, அத.

— அய்யோ, புத்தியில்லாமச் சொன்னதும்மா! நீ போயிட்டன்னு நெனச்சு, பயத்துல...

— அது முதல் தடவ. பயத்துல சொன்னேன்னு நானும் மனசத் தேத்திக்கிட்டேன் கண்ணு. நான் உசுரோட இருக்கேன்னு தெரிஞ்ச பெறகு, ரெண்டாவது தடவையும் அதையேதான் சொன்ன. முதல் தடவைய விட நல்லாச் சொன்ன.